கவுன்டி அலுவலகத்துப் பயிர் மானியம்: ஐந்துக்கு மூன்று

அமெரிக்க வேளாண் துறையின் எஃப்எஸ்ஏ (பண்ணைச் சேவை முகமை) கவுன்டி, அதாவது மாவட்ட, அலுவலகம் வழியாக வரும் ஏஆர்சி, பிஎல்சி என்ற இரண்டு பயிர் மானியங்களை ஒரு சேவையாக எடைபோட்டால் ஐந்துக்கு மூன்று மதிப்பெண் போடலாம். கவுன்ட்டரில் பெரிய குறை இல்லை. குறையெல்லாம் பதிவேட்டில்தான்.

விலை விழுந்தால் பணம் தருவது பிஎல்சி. கவுன்டியின் சராசரி வருவாய் விழுந்தால் பணம் தருவது ஏஆர்சி-கவுன்டி. பயிருக்கு ஒன்றாகத் தேர்வு செய்யலாம். ஆனால் இரண்டுமே இந்த ஆண்டு விதைத்த ஏக்கரைப் பார்ப்பதில்லை. பதிவேட்டில் பழைய சாகுபடியை வைத்து ஏறிய ‘பேஸ் ஏக்கர்’தான் கணக்கு. வயல் முழுக்கச் சோயா நின்றாலும் பதிவேட்டில் கோதுமை இருந்தால், கோதுமை விலையைப் பார்த்துத்தான் பணம் வரும். புதிதாகக் குத்தகைக்கு எடுப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். பேச்சு முடிக்கும் முன் நில உரிமையாளரிடம் எஃப்எஸ்ஏ-156இஇசெட் தாளைக் கேளுங்கள். எந்தப் பயிருக்கு எத்தனை பேஸ் ஏக்கர், மானியக் கணக்குக்காகப் பதிவான பிஎல்சி மகசூல் எவ்வளவு என்பது அதிலேயே இருக்கும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மக்காச்சோளத்துக்கு 100 பேஸ் ஏக்கர், பதிவு மகசூல் ஏக்கருக்கு 120 புஷல் (தானியத்தை அளக்கும் அமெரிக்க அளவு). சந்தைப் பருவத்தின் சராசரி விலை, நடைமுறைக் குறிப்பு விலையைவிட (சந்தை விலை இதற்குக் கீழே போனால்தான் பிஎல்சி பணம் தரும்) புஷலுக்கு 20 சென்ட் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். பணம் கிடைப்பது 85 சதவீத ஏக்கருக்கு மட்டும்: 0.20 × 120 × 85 = 2,040 டாலர். அதிலும் 5.7 சதவீதக் கட்டாயப் பிடித்தம் போனால் கையில் சுமார் 1,924 டாலர். நிலத்தில் இன்று 190 புஷல் விளைந்தாலும் கணக்கு அந்த 120-தான்.

2025 சட்டம் மக்காச்சோளத்தின் அடிப்படைக் குறிப்பு விலையைப் புஷலுக்கு 3.70 டாலரிலிருந்து 4.10 ஆகவும், சோயாவை 8.40-லிருந்து 10 ஆகவும் உயர்த்தியது. ஒருவருக்கான உச்சவரம்பும் 1,25,000 டாலரிலிருந்து 1,55,000 ஆனது. 2025 பயிருக்கு இரண்டு திட்டத்தில் எது அதிகமோ அது கிடைக்கும். நல்ல சலுகைதான், ஆனால் பணம் வருவது 2026 அக்டோபருக்குப் பிறகு. விதைக்கடன் கட்ட இதை நம்பி இருக்கக் கூடாது.

ஏஆர்சி-கவுன்டியில் வேறொரு சிக்கல். உங்கள் வயலை ஆலங்கட்டி மழை அடித்துப் போட்டாலும், கவுன்டியின் சராசரி மகசூலும் விலையும் நன்றாக இருந்தால் ஒரு சென்ட் கூட வராது. அந்த நஷ்டத்துக்குப் பயிர்க் காப்பீடுதான் வழி. மானியத்தைக் காப்பீடாக நினைப்பவர்கள்தான் அதிகம் திட்டுகிறார்கள்.

படிவங்களில் சிசிசி-941 தான் அதிகம் படுத்தும். சராசரி வருமானம் 9 லட்சம் டாலருக்குள் என்று உறுதியளித்து, வரித் துறையிடம் சரிபார்க்க ஒப்புதல் தரும் படிவம் இது. வரிக் கணக்கில் உள்ள பெயரும் எண்ணும் இதில் அச்சாக அப்படியே இருக்க வேண்டும். கூட்டு நிறுவனம் என்றால் உறுப்பினர் ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தர வேண்டும். ஒருவர் கையெழுத்து விட்டுப்போனால் அவர் பங்கு நின்றுவிடும். மண் அரிப்பு, சதுப்பு நில விதிகளுக்கான ஏடி-1026-உம் கோப்பில் இருக்க வேண்டும். வசந்தகாலப் பயிர்களின் ஏக்கர் அறிக்கைக்குப் பெரும்பாலான இடங்களில் ஜூலை 15 கடைசி நாள். தவறினால் தாமதக் கட்டணம்.

பேஸ் ஏக்கரில் காய்கறி போடுகிறவர்கள் கவனிக்க: மானியம் தராத 15 சதவீதத்துக்குள் அது அடங்கினால் சிக்கலில்லை. அதைத் தாண்டினால் ஏக்கருக்கு ஏக்கர் வெட்டுவார்கள்.

அலுவலகத்தை விட்டுக் கிளம்பும் முன் சேவை ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். என்ன கேட்டீர்கள், என்ன பதில் தந்தார்கள், எந்தத் தேதியில் என்பது அதில் பதிவாகும். ‘அன்றே வந்து சொன்னேனே’ என்று பிறகு வாதாட வேண்டி வந்தால் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான்.