செயின் இறுக்கம்: வீட்டிலா, மெக்கானிக் கடையிலா?

மழை ஓய்ந்து சேறெல்லாம் புழுதியாகும் தை மாதத்தில், வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் தேங்கிய நீரில் ஓடிய மோட்டார் சைக்கிள்களின் செயின்கள் சத்தமிடத் தொடங்குகின்றன. அப்போது வண்டியைத் தெருமுனைக் கடையில் விடுவதா, ஞாயிற்றுக்கிழமை காலையில் நாமே ஸ்பேனரை எடுப்பதா?

தளர்வை அளப்பதற்கு வீடே மேல் என்பேன். கீழ்ப்பக்கச் செயினில் இரு ஸ்பிராக்கெட்டுகளுக்கும் (பற்சக்கரங்களுக்கும்) நடுவே அளவுகோலை நிறுத்தி, விரலால் மேலும் கீழும் தள்ளும்போது கிடைக்கும் மொத்த அசைவே தளர்வு. அன்றாட ஓட்டத்துக்கான பல வண்டிகளுக்கு இது 20 முதல் 30 மி.மீ. வரை இருக்கும், உங்கள் வண்டிக்குரிய எண்ணும், எந்த ஸ்டாண்டில் நிறுத்தி அளக்க வேண்டும் என்பதும் கையேட்டில் உள்ளன. செயின் எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தேய்வதில்லை; ஆகவே எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் சிறிது சிறிதாகச் சுழற்றி, நான்கைந்து இடங்களில் அளந்து, மிகவும் இறுக்கமான இடத்தை வைத்தே முடிவு செய்ய வேண்டும். பத்து வண்டிகள் காத்திருக்கும் கடையில் இதற்கு நேரம் கிடைப்பது அரிது. ஒரே இடத்தில் தொட்டுப் பார்த்து இறுக்கிய செயினோடு என் வண்டி ஒருமுறை திரும்பி வந்தது; பின்னால் ஒருவர் ஏறியதும் ஷாக் அப்சார்பர் அமுங்கி, பின்சக்கரம் வண்டியின் உடலை நோக்கி மேலெழும்பி, செயின் கம்பிபோல் விறைத்துக்கொண்டது. இந்த நிலையில் ஓட்டினால் கியர்பாக்ஸின் வெளித்தண்டு பேரிங்தான் அடிபடும்.

இறுக்குவதில் கடைக்கே முன்னுரிமை தருவேன். திருவான்மியூர்போலக் கடற்காற்று வீசும் பகுதிகளில் துருப்பிடித்து இறுகிய, பின்சக்கரத்தை நகர்த்தும் அட்ஜஸ்டர் போல்ட்டைத் தலை உருளாமல் கழற்றுவதற்குப் பழகிய கை வேண்டும். ஆக்சில் (பின்சக்கர அச்சு) நட்டைக் குறிப்பிட்ட விசையில் இறுக்க டார்க் ரெஞ்ச் வேண்டும். இரண்டும் இருப்பவர் வீட்டிலேயே செய்யலாம், ஆனால் ஆக்சிலின் இருபுறமும் உள்ள அளவுக் கோடுகள் ஒரே எண்ணிக்கையில் நிற்கும்படி, கால் சுற்று கால் சுற்றாகத்தான் திருப்ப வேண்டும். ஒருபுறம் கூடினால் சக்கரம் கோணி, ஸ்பிராக்கெட் பற்கள் ஒருபக்கமாகத் தேயும்.

கழுவும் வேலையும் வீட்டுக்கே உரியது. ஓ-ரிங் (இணைப்புகளில் ரப்பர் வளையம்) உள்ள செயினைப் பெட்ரோலால் துடைத்தால் ரப்பர் கெடும்; மண்ணெண்ணெய்யே தக்கது. செயினுக்கு முழுக் கவர் உள்ள வண்டிகளில் ரப்பர் மூடியைக் கழற்றித் தளர்வைப் பார்க்கலாம், முழுதாகக் கழுவ முடியாது. அதற்குக் கடைதான் வழி.

எங்கே இறுக்கினாலும், பின்புறம் டிரம் பிரேக் உள்ள வண்டியில் சக்கரம் பின்னே நகர்ந்ததால் பிரேக் கம்பியும் இழுபட்டிருக்கும். மிதியின் இடைவெளியையும் பிரேக் விளக்கையும் திருத்தாமல் வண்டியைச் சாலையில் இறக்கக் கூடாது.