ஆய்வா, களமா? சர்வதேசச் சட்டம் படித்தவர் முன்னுள்ள இரு வழிகள்

மனித உரிமையில் உண்மையான பிடிப்போடு சர்வதேசச் சட்டம் படித்து முடித்தவர்கள் தடுமாறும் இடம் இது: முனைவர் பட்டம் முடித்துப் பல்கலைக்கழகத்துக்குப் போவதா, ஐ.நா., தீர்ப்பாயங்கள், உரிமை அமைப்புகள் என்று களத்தில் இறங்குவதா?

களம் கற்றுத்தருவதை வகுப்பறை தராது. சித்திரவதைக்கு ஆளானவரிடம் வாக்குமூலம் வாங்கும்போது முதலில் அவர் சம்மதம் வேண்டும். பதிலை நாமே எடுத்துக்கொடுக்காமல் கேட்க வேண்டும். வாக்குமூலத்தையும் பெயரையும் தனித்தனியாகப் பாதுகாக்க வேண்டும். இவற்றையெல்லாம், சித்திரவதையை விசாரித்து ஆவணப்படுத்துவதற்கென 1999இல் உருவான ஐ.நா. வழிகாட்டியான இஸ்தான்புல் நெறிமுறையைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம். பேசுபவர் பாதியில் உடைந்து அழுதால் எப்போது நிறுத்துவது என்பது எதிரே உட்கார்ந்து கேட்டால்தான் பிடிபடும். ஆனால் அறிக்கை நிறுவனத்தின் பெயரில்தான் வெளிவரும். நீங்கள் எழுதிய கூர்மையான வரி பல கை மாறி மழுங்கலாம். வேலையும் பெரும்பாலும் நிதி இருக்கும் வரைதான்.

பல்கலைக்கழகத்திலும் நிரந்தர இடம் சுலபமல்ல. முனைவர் பட்டத்துக்குப் பிறகும் குறுகிய கால ஒப்பந்தங்களில் அலைய நேரிடும். ஆனாலும் உங்கள் முடிவை உங்கள் பெயரிலேயே எழுதலாம். அதை ஏட்டுச் சுரைக்காய் என்று ஒதுக்குவதை நான் ஏற்கமாட்டேன். சர்வதேச நீதிமன்றச் சாசனத்தின் 38ஆம் பிரிவே சட்டம் என்ன என்று தீர்மானிக்க அறிஞர்களின் எழுத்தைத் துணை ஆதாரமாக ஏற்கிறது. இத்தாலியப் பேராசிரியர் அன்டோனியோ கசேஸே, முன்னாள் யுகோஸ்லாவியாவில் நடந்த போர்க்குற்றங்களை விசாரித்த ஐ.நா. தீர்ப்பாயத்தின் முதல் தலைவரானார். அவர் தலைமையிலான மேல்முறையீட்டு அமர்வு, 1995இல் டாடிச் வழக்கில், உள்நாட்டுப் போரில் நடக்கும் கொடுமைகளையும் போர்க்குற்றங்களாகத் தண்டிக்கலாம் என்றது. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை உருவாக்கிய 1998 ரோம் சாசனத்திலும் அந்த நிலைப்பாடு இடம்பிடித்தது. ஒரு பேராசிரியரின் பல்லாண்டு சிந்தனை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

இரண்டும் சேரும் இடமும் உண்டு. மனித உரிமை நிலைமையை ஆராய்ந்து ஐ.நா.வுக்கு அறிக்கை தரும் சுயேச்சை நிபுணர்களான சிறப்பு அறிக்கையாளர்களுக்குச் சம்பளம் கிடையாது. பதவிக்காலம் அதிகபட்சம் 6 ஆண்டுகள். அவர்களில் பலர் பேராசிரியர்கள். பிழைப்புக்கு ஐ.நா.வை நம்பியிராததால் அரசுகளிடம் முகத்துக்கு நேரே பேச முடிகிறது.

என்னைக் கேட்டால் களம் முதலில், ஆய்வு பிறகு. ஐ.நா. பணிக்கு இளைஞர்களை எடுக்கும் இளம் வல்லுநர் தேர்வுக்கு வயது வரம்பு 32. முனைவர் பட்டத்துக்குப் பொதுவாக அப்படி வரம்பு இல்லை. குடும்பப் பொறுப்பால் ஊர் ஊராக மாற முடியாதவர்கள் தயங்காமல் நேரே ஆய்வுக்கே போகலாம். மாணவர்களை வைத்து உண்மையான வழக்குகளில் உதவும் மனித உரிமைச் சட்ட மையம் உள்ள பல்கலைக்கழகமாகப் பார்த்துச் சேருங்கள்.