குளிர் பாக்டீரியா ஆய்வு: கேட்டலேஸா, எஸ்ஓடியா?

கொழும்புக் கம்பஸில் கடைசி வருட ஆய்வுக்குக் குளிர் பாக்டீரியாவை (குளிரில் வளர்பவை) எடுத்த தம்பி தங்கச்சிமாரின் குழப்பம் இது: கேட்டலேஸ், எஸ்ஓடி என்ற இரண்டு நொதிகளில் எதை அளப்பது? குளிர்ந்த நீரில் ஒட்சிசன் அதிகம் கரையும். அதன் தாக்கத்தைச் சமாளிக்க இரண்டு நொதிகளுமே தேவை. எஸ்ஓடி (சுப்பரொட்சைட் டிஸ்மியூட்டேஸ்), ஒட்சிசனிலிருந்து உருவாகும் தீங்கான சுப்பரொட்சைட்டை ஐதரசன் பேரொட்சைட்டாக்கும். கேட்டலேஸ் அதை நீராகவும் ஒட்சிசனாகவும் உடைக்கும்.

செலவு
கேட்டலேஸ்: பேரொட்சைட்டும் தாங்கற் கரைசலும் போதும். ஆனால் 240 நானோமீற்றரில் அளக்கக் குவார்ட்ஸ் குவெட் (ஒளியை அளக்க மாதிரியை ஊற்றும் சிறு குப்பி) வேண்டும். உடைத்தால் கதை கந்தல்.
எஸ்ஓடி: என்பிடி (நிறம் மாறும் சாயம்), ரைபோபிளேவின் வாங்க வேண்டும். 560 நானோமீற்றர் என்பதால் பிளாஸ்டிக் குவெட்டே போதும்.

இலகு
கேட்டலேஸ்: நேரடி அளவீடு. கொலனியில் ஒரு துளி பேரொட்சைட் விட்டாலே நுரைக்கும்.
எஸ்ஓடி: ஒளி பட்டு என்பிடி நிறம் மாறுவதை எவ்வளவு தடுக்கிறது என்றுதான் பார்க்கிறோம். எல்லாக் குழாய்களிலும் ஒளி சமமாக விழ வேண்டும், அதுதான் தலையிடி.

தாங்குதிறன்
குளிர் நொதிகள் பல, சூட்டில் சீக்கிரம் குலையும். நம்மூர் 30 பாகையில் இரண்டையும் ஐஸில் வையுங்கள், அவ்வளவுதான்.

பேலியகொடைச் சந்தை ஐஸ் மீனிலிருந்து பிரித்த பல சூடோமோனாஸ் பாக்டீரியாக்களை ஒப்பிடுவதென்றால், சரி, கேட்டலேஸ். ஒரே பாக்டீரியாவைத் தோண்டுவதென்றால் எஸ்ஓடி: ஜெல்லில் மின்சாரத்தால் ஓட்டிப் பிரித்துப் பேரொட்சைட் சேர்த்தால் இரும்பு கொண்ட எஸ்ஓடி வகை செயலிழக்கும், மாங்கனீசு கொண்ட வகை தாக்குப்பிடிக்கும்.