பார்சிலோனாவில் அவசரத்துக்கு அபார்ட்மெண்ட் எடுக்கிறீர்களா? முதலில் இதைப் படித்துவிடுங்கள்

ஃப்ளைட் ரத்தாகி பார்சிலோனாவில் மாட்டிக்கொண்டவர் முதலில் செய்வது, போனை எடுத்து ராத்திரி தங்க இடம் தேடுவதுதான். அதுவும் மொபைல் வேர்ல்ட் காங்கிரஸ் என்ற பெரிய செல்போன் கண்காட்சி நடக்கிற வாரம் என்றால் ஹோட்டல் வாடகையைப் பார்த்தாலே தலை சுற்றும். இந்த அவசரத்தை நம்பியே தொழில் நடத்துகிற ஆட்கள் அங்கே இருக்கிறார்கள். அப்படி ஒருவரிடம் பணத்தைப் பறிகொடுத்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன்.

கம்பெனி வேலையாகப் போயிருந்தேன். கூட வந்தவர்கள் முந்தின நாளே கிளம்பிவிட்டார்கள். எல் பிராட் ஏர்போர்ட்டில் வரிசையில் நிற்கும்போது ரத்து என்று மெசேஜ் வருகிறது, அடுத்து இடம் இருக்கிற ஃப்ளைட் சில நாள் கழித்துத்தான். கவுண்டரில் இருந்த பெண் "ஹோட்டல் எல்லாம் ஃபுல், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

இங்கேதான் நம் ஆட்கள் பலரும் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி, அங்குள்ள ஏர்போர்ட்டிலிருந்து புறப்படும் ஃப்ளைட் எந்த நாட்டு நிறுவனத்துடையதாக இருந்தாலும், ரத்தானால் மாற்று ஃப்ளைட் வரும்வரை சாப்பாடு, ஹோட்டல், ஹோட்டலுக்குப் போய்வரும் செலவு எல்லாம் அவர்கள் பொறுப்பு. வேலைநிறுத்தம், வானிலை என்று காரணம் சொல்லி நஷ்டஈட்டை வேண்டுமானால் மறுக்கலாம், தங்க வைப்பதை மறுக்க முடியாது. 2010இல் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் நாள்கணக்கில் மாட்டிக்கொண்ட ஒரு பயணியின் வழக்கில், இந்தக் கவனிப்புக்கு நாள் வரம்போ தொகை வரம்போ கிடையாது என்று 2013இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவர்கள் ஏற்பாடு செய்யவில்லை என்றால் நாமே நியாயமான விலையில் தங்கிவிட்டு பில்லைக் கொடுத்துப் பணத்தை வாங்கலாம். அதனால் ரத்து என்பதை எழுத்தில் வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள். ஷெங்கன் விசா முடியப்போகிறது என்றால் அதற்கும் இந்தக் காகிதம்தான் ஆதாரம். நம் கையில் இல்லாத காரணத்தால் கிளம்ப முடியாமல் போனால் கட்டணம் இல்லாமல் நீட்டித்துத் தர விசா விதியில் இடம் இருக்கிறது.

சரி, அபார்ட்மெண்ட் கதைக்கு வருகிறேன். ஒரு தளத்தில் எஷாம்ப்ளா பகுதியில் பால்கனியோடு அழகான வீடு, ஹோட்டல் விலையில் பாதிகூட இல்லை. கேட்டவுடன் வாட்ஸப்பில் பதில், கார்டில் கட்ட லிங்க், பணம் கட்டியவுடன் முகவரி. எஷாம்ப்ளா முழுக்க சதுரச் சதுரமான தெருக்கள், ஒவ்வொரு முனையும் வெட்டிவிட்ட மாதிரி ஒரே தினுசு. பெட்டியை இழுத்துக்கொண்டு அந்தத் தெருமுனையைக் கண்டுபிடித்து நிற்கிறேன், மெசேஜ் வருகிறது: "மன்னிக்கவும், அந்த வீட்டில் தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டது, அதைவிட நல்ல வீடு தருகிறோம்." புது முகவரி ராவால் என்ற வேறு பகுதியில். பொட்டெரோ என்ற சிற்பி செய்த குண்டுப் பூனைச் சிலை நிற்கிற அகலத் தெரு இருக்கிறதே, அதற்குப் பின்னால் ஒரு சந்து.

மூன்றாவது மாடி என்று எழுதியிருந்தான். அங்கே பழைய கட்டடங்களில் தரைத்தளம், அதற்கு மேல் எந்த்ரெசோல், அதற்கு மேல் பிரின்சிபால் என்றெல்லாம் வைத்துவிட்டு அப்புறம்தான் ஒன்றாவது மாடியே ஆரம்பிக்கிறது. லிஃப்ட் கிடையாது. நம் கணக்கில் ஐந்து மாடி, இரண்டு கையாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு. மேலே போனால் ஒரு ஆள் சாவியோடு நிற்கிறார். 200 யூரோ டெபாசிட், போகும்போது திரும்பத் தருவேன், "பிஸும்" (Bizum) இருக்கிறதா என்றார். அது அங்கே போனில் பணம் அனுப்பும் முறை, ஸ்பெயின் வங்கிக் கணக்கு இல்லாமல் நடக்காது. இல்லை என்றதும் அப்படியானால் ரொக்கம் என்றார். அதற்கு மேல் சுற்றுலா வரி, அதுவும் ரொக்கம், ரசீது கேட்டால் "நாளைக்கு". ராத்திரி பதினொரு மணிக்குப் பெட்டியோடு நிற்கிறவன் என்ன பேரம் பேசுவான்?

ஜன்னலில் சுருட்டி ஏற்றும் பலகைத் திரை ஒன்று இருந்தது, நான் நுழையும்போதே ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. கிளம்புகிற அன்று அதைக் காட்டி, உடைத்துவிட்டாய், டெபாசிட் கிடையாது என்றார். முதல் ராத்திரியே நான் எடுத்த போட்டோவைக் காட்டினேன். தோளைக் குலுக்கிவிட்டு இறங்கிப் போய்விட்டார். அப்புறம் அந்த எண்ணுக்கு என் மெசேஜ் எதுவும் போகவில்லை.

பார்சிலோனாவில் சுற்றுலாப் பயணிக்கு வாடகைக்கு விடும் வீட்டுக்கு உரிமம் வேண்டும். எச்.யு.டி.பி. என்று தொடங்கும் எண் விளம்பரத்திலேயே இருக்க வேண்டும், முகவரியைப் போட்டு உரிமம் உண்டா என்று பார்க்க மாநகராட்சியே இணையத்தில் வசதி வைத்திருக்கிறது. ஊரில் வாடகை ஏறிப்போய் மக்கள் கொதித்துப்போனதால், இருக்கிற 10,101 உரிமங்களையும் 2028 நவம்பருக்குள் முடிவுக்குக் கொண்டுவரப் போவதாக மேயர் 2024இல் அறிவித்தார். இன்னொரு அடையாளம்: சட்டப்படி நடத்துகிறவர் உங்கள் பாஸ்போர்ட் விவரத்தை வாங்கி கத்தலோனியா போலீசுக்குப் பதிவு செய்தாக வேண்டும். இந்த ஆள் என் பெயரைக்கூடச் சரியாகக் கேட்கவில்லை.

சுற்றுலாப் பயணிகள் மொய்க்கிற ராம்ப்லா தெருவில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஊரில் மதியச் சாப்பாடு நான்கு மணி வாக்கில் முடிந்தால், நல்ல கடைகளில் அடுப்பு மறுபடி பற்றுவது எட்டரைக்கு. சாயங்காலம் ஆறு மணிக்குப் பசிக்கிற நமக்குத் திறந்திருப்பது போட்டோ ஒட்டிய பயேயா (ஸ்பெயின் அரிசிச் சோறு) கடைகள்தான். நடைபாதை மேஜையில் உட்கார்ந்து காய்கறி பயேயாவும் ஒரு பியரும் சொன்னேன். பியர் வாளி மாதிரி ஒரு கண்ணாடிக் குவளையில் வந்தது. பில்லில் கேட்காத ரொட்டி, மெனு கார்டில் எங்குமே போடாத நடைபாதை மேஜைக் கட்டணம், எல்லாவற்றுக்கும் மேல் தனியாக வரி. அங்கே மெனுவில் போடும் விலையிலேயே வரி அடங்கியிருக்க வேண்டும். நான் சத்தம் போடவில்லை, "ஓஹா தெ ரெக்லமாசியோன், போர் ஃபவோர்" என்று மட்டும் சொன்னேன். அரசாங்கப் புகார்ப் படிவம் அது, எல்லாக் கடையும் வைத்திருக்க வேண்டும், கேட்டால் கொடுத்தாக வேண்டும். சர்வர் ஒரு நொடி என்னைப் பார்த்தார், பில்லை எடுத்துக்கொண்டு உள்ளே போனார், திரும்பி வந்த பில்லில் ரொட்டியும் இல்லை, மேஜைக் கட்டணமும் இல்லை, வரியும் இல்லை. வார நாளில் மதியம் உள்தெருக் கடைகளில் மெனு தெல் தியா கேட்டுச் சாப்பிடுங்கள், இரண்டு வகை உணவு, ரொட்டி, குடிக்க ஒன்று, எல்லாம் ஒரே விலை. தனியாகப் போனாலும் யாரும் ஏமாற்றவில்லை.

அபார்ட்மெண்ட் விஷயமாக நோவ் தெ லா ராம்ப்லா தெருவில் இருக்கும் மொசோஸ் (கத்தலோனியா போலீஸ்) நிலையத்தில் புகார் கொடுத்து நகல் வாங்கி வைத்திருக்கிறேன். கார்டில் கட்டிய வாடகையை மீட்க அந்த நகலோடு வங்கியில் விண்ணப்பம் போட்டாயிற்று, ரொக்கமாகக் கொடுத்தது போனதுதான். ஏர்லைன்ஸ் சாப்பாட்டு பில்லுக்குப் பணம் அனுப்பியது, வீட்டு வாடகைக்கு முறையான ரசீது கேட்கிறது, அதற்கு நான் எங்கே போவேன்? மறுத்துவிட்டால் ஸ்பெயினின் விமானப் பாதுகாப்பு அமைப்பான ஏ.ஈ.எஸ்.ஏ.விடம் போகலாம் என்றிருக்கிறேன்.

அதே வீட்டுப் படங்கள் போன வாரம் வேறு பெயரில் மறுபடி ஏறியிருக்கின்றன, வாடகை இன்னும் குறைவு. மஞ்சள் சோபா, பால்கனியில் இரண்டு இரும்பு நாற்காலி, உரிம எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. குழாய் உடைந்துவிட்டது என்று மெசேஜ் வந்தால் புது முகவரிக்குப் போகாதீர்கள், அங்கே நின்றபடியே தளத்தில் புகார் போட்டுப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.