தொட்டியும் பேட்டரியும்: அமெரிக்க மின்சார பிக்கப் டிரக்குகள் குறித்து ஓர் ஒப்பீடு

2025 டிசம்பரில் ஃபோர்டு நிறுவனம் எஃப்-150 லைட்னிங் முழு மின்சார பிக்கப் டிரக்கின் உற்பத்தியை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. மின்வாகனத் திட்டங்களைத் திருத்தியமைப்பதால் ஏற்படும் சுமையாக 19.5 பில்லியன் டாலரையும் அப்போதே கணக்குக் காட்டியது. டிரக்குக்கு மின்சாரம் ஒத்துவராது என்று முன்பே சொன்னோம் என்றது வாகன ஆர்வலர்களில் ஒரு தரப்பு. நல்ல வண்டியை விற்கத் தெரியாமல் கெடுத்துவிட்டார்கள் என்றது மறுதரப்பு. லைட்னிங், ரிவியன் ஆர்1டி, டெஸ்லா சைபர்டிரக், செவ்ரோலே சில்வராடோ ஈவி ஆகிய நான்கையும் ஒரே மூட்டையில் கட்டிப் பேசுவதுதான் இரு தரப்பும் செய்யும் தவறு என்று எனக்குப் படுகிறது. பேட்டரியில் ஓடுகின்றன என்பதைத் தவிர இந்நான்குக்கும் பொதுவான குணம் மிகக் குறைவு. டிரக் வைத்திருப்பவர் அன்றாடம் அதைக்கொண்டு என்ன செய்கிறாரோ அதை வைத்து இவற்றை அடுத்தடுத்து நிறுத்திப் பார்த்தால்தான் எது தோற்றது, எது தோற்கடிக்கப்பட்டது என்பது விளங்கும்.

லைட்னிங்கின் பெயரே ஆர்வலர்களிடம் முதல் மனக்குறையை உண்டாக்கியது. 1993 இல் வந்த முதல் லைட்னிங்கும் 1999 முதல் 2004 வரை விற்ற இரண்டாம் தலைமுறையும் வி8 எஞ்சின் உறுமலுக்குப் பெயர்போனவை. அந்தப் பெயரை ஓசையே இல்லாத வண்டிக்குச் சூட்டியது பலருக்கு உறுத்தியது. ஆனால் ஓட்டிப் பார்த்தவர்களின் குரல் விரைவிலேயே மாறியது. பெரிய பேட்டரி கொண்ட லைட்னிங் 580 குதிரைத்திறனுடன், பெட்ரோல் எஃப்-150க்குப் பழகிய அதே அறை, பொருள் ஏற்றும் அதே 5.5 அடிப் பின்தொட்டி ஆகியவற்றோடு வந்தது. ஏணி வைக்கும் சட்டம், தொட்டி மூடி, கருவிப் பெட்டி என்று பழைய எஃப்-150க்கு வாங்கிய பொருள்கள் பலவற்றை மாற்றாமலே பயன்படுத்த முடிந்தது. வேலைக்காக டிரக் வாங்குபவருக்கு இது சிறிய செய்தி அல்ல.

அதைவிடப் பெரிய செய்தி, வண்டி நிற்கும்போது அது செய்த வேலை. எஞ்சின் இருந்த இடத்தில் 14.1 கன அடி கொள்ளளவும் 400 பவுண்டு தாங்கும் திறனும் கொண்ட, பூட்டக்கூடிய முன் டிக்கி வந்தது. 9.6 கிலோவாட் வரை மின்சாரம் தரும் சாக்கெட்டுகள் வண்டியைச் சுற்றிலும் இருந்தன. மர அறுவை இயந்திரத்தையும் காற்றழுத்த கம்ப்ரசரையும் ஒன்றாக ஓட்டிக்கொண்டு, பக்கத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்தாமல் பேசலாம் என்பது ஜெனரேட்டரின் இரைச்சலோடு காலம் தள்ளிய தச்சருக்குத்தான் முழுமையாகப் புரியும். மின்சாரம் போனால் உரிய இணைப்புக் கருவியுடன் ஒரு வீட்டுக்கு மூன்று நாள் வரை மின்சாரம் தரும் என்று ஃபோர்டு சொன்னது. 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் பனிப்புயலில் மின்கட்டமைப்பு முடங்கியபோது ஹைபிரிட் எஃப்-150களைக் கொண்டே மக்கள் வீடுகளுக்கு மின்சாரம் எடுத்திருந்தார்கள். அதனால் இது வெறும் விளம்பர வாசகமாகக் கேட்கவில்லை.

ரிவியன் ஆர்1டி வேறொரு மனிதருக்கான வண்டி. 2021 செப்டம்பரில், மற்ற மூன்றுக்கும் முன்பாகவே, இல்லினாய் மாநிலத்தின் நார்மல் நகரத் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. அங்கே முன்பு மிட்சுபிஷி கார்கள் தயாராயின. முதலில் வந்த வகையில் சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு மோட்டார், 835 குதிரைத்திறன், மூன்றடிக்கும் மேற்பட்ட நீரில் இறங்கி ஏறும் திறன், உயர்ந்து தாழும் ஏர் சஸ்பென்ஷன் என்று இதன் பட்டியல் மலைப்பாதைப் பிரியர்களுக்காகவே எழுதப்பட்டது போலிருக்கும். பாறை மேல் ஏறும்போது வழுக்கும் சக்கரத்துக்கு மட்டும் விசையைக் குறைத்து, பிடிப்புள்ள சக்கரத்துக்குக் கூட்டும் வேகம் இரு பக்கச் சக்கரங்களையும் ஒன்றாகச் சுழலவைக்கும் எந்த டிஃபரன்ஷியல் பூட்டாலும் எட்ட முடியாதது. என் மதிப்பீட்டில், ஓட்டுவதற்காகவே ஓட்டுபவர்களுக்கு இந்நான்கில் முதலிடம் இதற்குத்தான். ஆனால் தொட்டி 4.5 அடிதான். நான்குக்கு எட்டு அடி ஒட்டுப்பலகை ஒன்றைக் கிடத்தினால் கிட்டத்தட்ட பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இருக்கைக்கும் தொட்டிக்கும் நடுவே வண்டியின் அகலம் முழுதும் ஓடும் சுரங்க அறை, கூடாரத்துக்கும் மீன்பிடி கோலுக்கும் அருமையான இடம். சிமென்ட் மூட்டைக்கு அது பயன்படாது.

சைபர்டிரக்கைப் பற்றி நிதானமாகப் பேசுவது இன்று கடினமாகிவிட்டது. 2019 நவம்பரில் 39,900 டாலர் விலையும், உயர்ந்த வகைக்கு 500 மைல் தூரமும் வாக்களிக்கப்பட்டன. 2023 நவம்பர் இறுதியில் கைக்கு வந்தபோது இரு மோட்டார் வகையின் விலை 79,990 டாலர், தூரம் 340 மைல். இந்த இடைவெளியை ஆர்வலர்கள் மன்னிக்கவில்லை; மன்னிக்கத் தேவையும் இல்லை. 2025 மார்ச்சில், ஒட்டியிருந்த எஃகுப் பட்டை ஒன்று கழன்று விழக்கூடும் என்பதற்காக 46,000க்கும் மேற்பட்ட வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டபோது கேலி இன்னும் கூடியது.

எனினும் தோற்றத்தைச் சற்று மறந்து உள்ளே பார்த்தால், இந்நான்கில் பொறியியல் துணிவு மிகுந்தது இதுவே என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பல பத்தாண்டுகளாகக் கார் உலகம் விடாமல் பிடித்திருந்த 12 வோல்ட் துணை மின்சுற்றை இது 48 வோல்ட்டுக்கு மாற்றியது. அதே திறனுக்கு மின்னோட்டம் நான்கில் ஒரு பங்காகக் குறைவதால் ஒயர்கள் மெலிகின்றன, செம்பு மிச்சமாகிறது. ஸ்டியரிங் சக்கரத்துக்கும் முன் சக்கரங்களுக்கும் இடையே இரும்புத் தண்டு கிடையாது; ஒரு முழுச் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினாலே கடைசி வரை வளைகிறது. பின் சக்கரங்களும் திரும்புவதால் இவ்வளவு பெரிய வண்டி குறுகிய இடத்திலும் சிரமமின்றி வளைகிறது. குறை எங்கே என்றால், தொட்டியின் பக்கச் சுவர் ஓட்டுநர் அறையை நோக்கிச் சரிவாக உயர்வதால், பக்கவாட்டில் நின்று கையை விட்டுப் பொருளை எடுக்கும் பழக்கம் இங்கே செல்லாது. டிரக்கோடு வாழ்ந்தவர் ஒருவர் வடிவமைப்பு மேசையில் இருந்திருந்தால் அந்தச் சரிவை விட்டிருக்க மாட்டார்.

சில்வராடோ ஈவியின் வழி எளிது: பேட்டரியைப் பெரிதாக்கிவிடு. 200 கிலோவாட் மணிக்கும் மேற்பட்ட பேட்டரியோடு, 2025 ஆம் ஆண்டுப் பணிவகை வண்டிக்கு அரசின் அளவீட்டில் 492 மைல் கிடைத்தது. பின் இருக்கைச் சுவரை மடக்கி, தொட்டியின் பின்கதவையும் திறந்தால் தொட்டி கிட்டத்தட்ட 11 அடி நீளும் வசதி உண்மையிலேயே புத்திசாலித்தனமானது. ஆனால் இந்த வழியின் விலை எடை. இதன் உறவினரான ஹம்மர் ஈவி 9,000 பவுண்டைத் தாண்டுகிறது; அதன் பேட்டரி மட்டுமே ஏறத்தாழ ஒரு சிறிய காரின் எடை. அன்றாடம் 40 மைல் ஓடும் வண்டி, ஆண்டில் சில நாள் பயணத்துக்காக இவ்வளவு சுமையை நாள்தோறும் தூக்கித் திரிவதை நல்ல பொறியியல் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

இப்போது நான்கையும் ஒரே தராசில் நிறுத்தும் கேள்விக்கு வருகிறேன்: டிரெய்லர் இழுத்தல். தாளில் எல்லாமே கெட்டிக்கார வண்டிகள். லைட்னிங் 10,000 பவுண்டு, ஆர்1டியும் சைபர்டிரக்கும் 11,000 பவுண்டு இழுக்கும். இழுக்கும் வலிமையில் குறையே இல்லை. நின்ற நிலையிலிருந்தே முழு முறுக்குவிசை கிடைப்பதால் சரிவான படகுத்துறையில் படகை மேலேற்றும்போது டீசல் வண்டிக்காரரே பொறாமைப்படுவார். சிக்கல் எவ்வளவு தூரம் என்பதில் இருக்கிறது. ஒரு கேலன் பெட்ரோலில் 33.7 கிலோவாட் மணி ஆற்றல் உண்டு. லைட்னிங்கின் 131 கிலோவாட் மணி பேட்டரி நான்கு கேலனுக்கும் குறைவான பெட்ரோலின் ஆற்றலைத்தான் சுமக்கிறது. அதை வைத்துக்கொண்டு 320 மைல் ஓடுவது மின்மோட்டாரின் சிக்கனத்துக்கு நற்சான்று. ஆனால் பின்னால் சுவர் போன்ற முகப்புடைய கேரவன் டிரெய்லரை மாட்டியதும், வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் காற்றின் எதிர்ப்பு இன்னும் பெருகுகிறது. தூரம் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ விழுவதைச் சோதனைகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் மெதுவாக ஏறுவதால் பயணத்தில் அதற்கு மேல் காத்திருப்பவர் இல்லை. 10 சதவீதத்துக்குக் கீழே இறங்கவும் யாரும் துணிவதில்லை. ஆக, 320இல் பாதி 160, அதில் 70 சதவீதம் 112 மைல். இரண்டு மணி நேரம்கூட ஓட்டாமல் மறுபடியும் நிறுத்த வேண்டும். பெட்ரோல் டிரக்கும் டிரெய்லரோடு எரிபொருளைக் குடிக்கத்தான் செய்கிறது. ஆனால் 36 கேலன் வரை கொள்ளும் டாங்கியும் ஐந்து நிமிட நிரப்புதலும் அந்தக் குறையை மறைத்துவிடுகின்றன.

நிறுத்துமிடம் இன்னொரு சோதனை. நெடுஞ்சாலையோரச் சார்ஜ் நிலையம் ஒன்றில் நான் நேரில் பார்த்த காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. நிலையத்தின் எல்லா இடங்களும் கார் நிறுத்தம் போல ஒரு முனை அடைத்தவை. டிரெய்லரோடு வந்தவர் ஓரமாக நிறுத்தி, டிரெய்லரின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்க ஜாக்கியைச் சுற்றி இறக்கி, பாதுகாப்புச் சங்கிலிகளைக் கழற்றி, விளக்கு ஒயரைப் பிடுங்கிய பிறகுதான் வண்டியை மட்டும் உள்ளே விட முடிந்தது. சுமார் 40 நிமிடம் கழித்து, அவர் மனைவி கையசைத்து வழிகாட்ட, அங்குலம் அங்குலமாகப் பின்னால் வந்து கொக்கியின் குண்டை மறுபடி பொருத்தினார். நடுவே மழை தூறத் தொடங்கியிருந்தது. பெட்ரோல் பங்குகளைப் போல ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் நிலையங்கள் பரவலாக இருந்திருந்தால் மின்சார பிக்கப் மீதான பாதி வெறுப்பு பிறந்தே இருக்காது. இதில் வண்டியின் பிழை எதுவும் இல்லை.

பழுதுபார்ப்பு குறித்த கவலை இவற்றுக்கு மட்டும் உரியதல்ல, எனினும் இங்கே கூர்மையாகத் தெரிகிறது. ஆர்1டியின் பக்கத் தகடு தொட்டியின் பின்முனை தொடங்கி முன் கண்ணாடித் தூண் வரை ஒரே துண்டாக ஓடுவதால், பின் மூலையில் பட்ட சிறிய அடிக்கும் பல்லாயிரம் டாலர் செலவாகும் என்பது 2023 இல் பெரிய செய்தியானது. சொந்தக் கையால் வண்டியைப் பிரித்துப் பூட்டி வளர்ந்த தலைமுறைக்கு இது விலை பற்றிய புகார் மட்டுமன்று. தம் வண்டி தமக்கே அந்நியமாகிறது என்ற வலி. வண்டி அனுப்பும் தரவு வெளிப் பட்டறைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்று மாசசூசெட்ஸ் வாக்காளர்கள் 2020 இல் பெருவாரியாக வாக்களித்ததும் இந்த வலியின் வெளிப்பாடே. அதே ரிவியன், 2024 இல் வண்டியின் கட்டுப்பாட்டுக் கணினிகளை 17இலிருந்து 7ஆகச் சுருக்கியது. அந்தக் கட்டமைப்புக்காகவே ஃபோக்ஸ்வாகன் கோடிக்கணக்கான டாலருடன் கூட்டுச் சேர்ந்தது. எளிமையான மின்கட்டமைப்பு உரிமையாளரின் கைக்கும் எளிமையாக வந்து சேருமா என்பதில்தான் என் அக்கறை எல்லாம்.

சந்தையின் திசை 2025 இல் வெளிப்படையாகத் திரும்பியது. மின்வாகனம் வாங்குவோருக்கான 7,500 டாலர் வரிச்சலுகை செப்டம்பர் 30உடன் முடிந்தது. எரிபொருள் சிக்கன விதியை மீறுவதற்கான அபராதம் பூஜ்ஜியமாக்கப்பட்டது. ராம் நிறுவனத்தின் 1500 பிக்கப்புக்கு ஹெமி என்ற பெட்ரோல் வி8 எஞ்சின் திரும்பி வந்தது. மின்சார டிரக்குகளுக்காக ஒதுக்கியிருந்த ஓரியன் ஆலையில் பெட்ரோல் வண்டிகளைச் செய்யப்போவதாக செவ்ரோலேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் அறிவித்தது. விலையும் தன் பங்குக்குக் கெடுதல் செய்திருந்தது: 39,974 டாலரில் தொடங்கிய லைட்னிங்கின் அடிப்படை வகை 2023 மார்ச்சில் 59,974 டாலரைத் தொட்டு, அவ்வாண்டு ஜூலையில் 49,995க்கு இறங்கியது. வேலைக்காக வாங்குபவர் கணக்குப் பார்ப்பவர். இப்படி ஏறி இறங்கும் விலையை அவர் நம்பவில்லை.

அடுத்த போட்டி இரண்டு வழிகளுக்கு இடையே. ராம் தன் முழு மின்சார டிரக்கைக் கைவிட்டு, 92 கிலோவாட் மணி பேட்டரியோடு 3.6 லிட்டர் வி6 எஞ்சினை ஜெனரேட்டராக மட்டும் வைத்து 690 மைல் தருவதை இலக்காகக் கொண்டிருக்கிறது. ஃபோர்டின் அடுத்த லைட்னிங்கும் இதே வகை. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் ஸ்கவுட் டெராவிலும் இந்த வாய்ப்பு உண்டு, முன்பதிவு செய்தவர்களில் பெரும்பாலோர் அதைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். இரண்டையும் சுமப்பது அழகற்ற பொறியியல் என்று தூய்மைவாதிகள் முகம் சுளிக்கிறார்கள். டிரெய்லர் இழுப்பவருக்கு இன்றைக்கு இதுவே நேர்மையான விடை என்பேன். அந்த 112 மைல் கணக்கை உடைக்க இன்னும் 100 கிலோவாட் மணி பேட்டரியைக் கூட்டுவதைவிட ஒரு சிறிய எஞ்சின் இலகுவானது.

இழுக்காதவருக்கு வேறு வழி திறக்கிறது. 2025 ஏப்ரலில் அறிமுகமான ஸ்லேட், இருவர் மட்டும் அமரும், வண்ணம் பூசாத, கையால் சுற்றி இறக்கும் கண்ணாடி கொண்ட சிறு பிக்கப். சுமார் 150 மைல் ஓடி, 1,000 பவுண்டு மட்டும் இழுக்கும். கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் ஆலையில் சுமார் 30,000 டாலர் விலையில் நடுத்தர மின்சார பிக்கப் ஒன்றை 2027 இல் தொடங்கப்போவதாக ஃபோர்டும் சொல்லியிருக்கிறது. இறக்குமதி டிரக்குகள் மீது 1964 முதல் இருந்துவரும் 25 சதவீத வரி, சிறிய மலிவான பிக்கப்புகளை அமெரிக்கச் சாலைகளிலிருந்து ஒதுக்கியே வைத்திருந்தது. அந்த வெற்றிடத்தை மின்சாரம் நிரப்புமானால் மிகவும் மகிழ்வேன்.

அதுவரை காத்திருக்க முடியாதவருக்கு, மலைப்பாதை விருப்பமென்றால் ஆர்1டி, வேலையென்றால் ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய மின்சார லைட்னிங் என்பதே என் பரிந்துரை. லைட்னிங் வாங்கச் செல்பவர் ஓடிய மைலைப் பார்ப்பதற்கு முன் தொட்டியைத் திறந்து, அதன் சுவரில் 240 வோல்ட் சாக்கெட் இருக்கிறதா என்று பார்க்கட்டும். இருந்தால் அது 9.6 கிலோவாட் வகை. அடிப்படை வகைகளில் பலவற்றில் 2.4 கிலோவாட் மட்டுமே உண்டு, 9.6 கிலோவாட் வசதியைப் பிற்பாடு சேர்ப்பது எளிதன்று.