சிட்டுக்கு வீட்டுச் சாப்பாடு: நாலரை வருஷம் சமைச்ச அனுபவம்

சிட்டுக்கு இப்ப ஆறு வயசு ஆகப்போகுது. நாட்டு நாய், 18 கிலோ. மதுரையில எங்க தெருமுனையில மழையில நனைஞ்சு கெடந்தா, ஒன்றரை மாசக் குட்டி, தூக்கிட்டு வந்துட்டேன். நாலரை வருஷமா அவளுக்கு தெனமும் வீட்டுல சமைச்ச சாப்பாடுதான். "எப்படி செய்யறீங்க, எங்க நாய்க்கும் சொல்லுங்க"ன்னு நெறைய பேர் கேக்கறாங்க, ரெண்டு வரியில சொல்ல முடியாதுங்கறதால முழுசா எழுதறேன்.

முதல்ல நான் பண்ண தப்பு. குட்டியா இருக்கும்போது பால்சோறு, தயிர்சாதம், அப்புறம் மூணாவது மாசத்துல இருந்து எலும்பில்லாத கோழிய வேகவச்சு சோத்துல பெசஞ்சு குடுத்தேன். ஆசையா சாப்டா, தட்ட நக்கி வழிச்சிருவா, தெனம் கறி போடறோமே இதவிட என்ன சத்து வேணும்னு நெனச்சேன். அஞ்சாவது மாசம் முன்னங்கால் ரெண்டும் வளைய ஆரம்பிச்சிருச்சு, படியில எறங்கினா கத்துவா. எக்ஸ்ரே எடுத்தா எலும்பெல்லாம் மங்கலா தெரியுது, ஆனா ரத்தத்துல கால்சியம் நார்மல்னு ரிப்போர்ட் வருது. எனக்கு ஒண்ணுமே புரியல. டாக்டர்தான் பொறுமையா சொன்னாங்க, கோழிக்கறி 100 கிராம்ல பாஸ்பரஸ் 200 மில்லிகிராம் பக்கம் இருக்கும், கால்சியம் பத்துப் பன்னெண்டுதான், சோத்துலயும் கால்சியம் கெடையாது, அப்ப ஒடம்பு என்ன பண்ணும்னா பாராதைராய்டு சுரப்பி எலும்புல இருந்து கால்சியத்த உருவி ரத்தத்துக்குக் குடுக்கும், அதனால ரிப்போர்ட் சரியா வரும், எலும்பு மட்டும் காலியாயிட்டே போகும்னு. அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல. ஒடனே குட்டிங்களுக்கான டிரை ஃபுட்டுக்கு மாத்தி, ஓடவிடாம ரெண்டு மாசம் வச்சிருந்து, ஓரளவு சரியாச்சு. எடது கால்ல மட்டும் லேசா வளைவு இன்னும் இருக்கு.

அதனாலதான் சொல்றேன், கறியும் சோறும் மட்டும் முழுச் சாப்பாடு இல்ல. வீட்டுல சமைக்கறவங்க பத்துல ஒம்பது பேர் இதத்தான் போடறாங்கன்னு எனக்குத் தோணுது.

ஒண்ணேகால் வயசு வரைக்கும் டிரை ஃபுட்தான். அப்புறம் அவ அத தொடறத விட்டுட்டா, காதும் வயிறும் ஓயாம சொறிஞ்சுட்டே இருந்தா. டாக்டர்கிட்ட வீட்டுச் சாப்பாடு குடுக்கலாமான்னு கேட்டேன், குடுக்கலாம், ஆனா வீடியோ பாத்து செய்யாதீங்கன்னாங்க. 2013ல கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட டேவிஸ் வளாகத்துல, புத்தகத்துலயும் இணையத்துலயும் இருந்த 200 நாய்ச் சமையல் குறிப்ப கணக்குப் போட்டுப் பாத்தப்ப 95 சதவீதத்துல ஏதோ ஒரு அவசியமான சத்து கொறைஞ்சிருந்துச்சாம், சிலத கால்நடை டாக்டர்களே எழுதினதாம். அதுக்கப்புறம் நான் எந்தக் குறிப்பையும் கண்ண மூடிட்டு நம்பறதில்ல.

எங்க டாக்டர் போட்டுக் குடுத்த ஒரு நாள் அளவு இது. தோல் எடுத்த எலும்பில்லாத கோழி 300 கிராம், அரிசி 120 கிராம், முட்டை ஒண்ணு, ஈரல் 15 கிராம், மஞ்சப் பூசணி, கேரட், பீன்ஸ்னு ஏதாவது ஒரு கைப்பிடி, எண்ணெய் ஒரு டீஸ்பூன். எல்லாம் பச்சையா இருக்கும்போது எடை போட்டது. மொத்தம் சுமார் 950 கலோரி வரும், கருத்தடை பண்ண 18 கிலோ நாய்க்கு இது போதும். ஈரலுக்கு அவ உயிர விடுவா, இருந்தாலும் அதுக்கு மேல போடறதில்ல, வைட்டமின் ஏ கூடிரும்.

முட்டை ஓட்ட கழுவி, தண்ணில ஒரு கொதி விட்டு, நல்லா காயவச்சு, மிக்ஸியில நைஸா அரைச்சு சலிச்சு வச்சுக்குவேன். அதுல நாளைக்கு அரை டீஸ்பூன், கிட்டத்தட்ட 3 கிராம். ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேல கால்சியம் வந்துரும். நறநறன்னு இருந்தா திரும்ப அரைக்கணும். இதுக்கு மேல டாக்டர் எழுதின விட்டமின் மினரல் பவுடர், ஏன்னா துத்தநாகம், அயோடின், வைட்டமின் ஈ எல்லாம் இந்தச் சாப்பாட்டுல பத்தாது. வைட்டமின் டி-யும் அப்படித்தான், நம்மள மாதிரி வெயில்ல நின்னு நாயால வேணுங்கற அளவு உண்டாக்கிக்க முடியாது. அந்த பவுடர் சூடான சாப்பாட்டுல போடக்கூடாது, ஆறினதும்தான்.

வாரம் ரெண்டு நாள் கோழிக்கு பதிலா மத்தி. தலையும் குடலும் எடுத்துட்டு குக்கர்ல ஆறு விசில் விட்டா முள்ளு மாவா கரைஞ்சிரும், கையால நசுக்கிப் பாத்துட்டுதான் போடுவேன். முடி பளபளப்பானது மத்தி போட ஆரம்பிச்ச பிறகுதான்னு அடிச்சுச் சொல்வேன்.

நாய்க்கு எதுக்கு அரிசி, அது கறி திங்கற ஜீவன்னு சிலர் சண்டைக்கு வருவாங்க. அதே 2013ல நேச்சர் இதழ்ல வந்த ஆய்வுல, ஓநாய விட நாய்க்கு மாவுச்சத்த செரிக்கற அமைலேஸ் ஜீன் பல மடங்கு பிரதி இருக்குன்னு காட்டிட்டாங்க. நல்லா குழைய வெந்த சோறு சிட்டுக்கு ஒரு நாளும் ஒத்துக்காம போகல.

வீட்டுல பெரிய பாடு வெங்காயம்தான். நம்ம சாம்பார், குழம்பு, பிரியாணி எல்லாத்துலயும் வெங்காயம் பூண்டு இருக்கு, ரெண்டுமே நாயோட சிவப்பணுவ ஒடைக்கும், வேகவச்சாலும் அந்த குணம் போகாது. "அந்தக் காலத்துல மிச்சக் குழம்பு ஊத்தித்தான வளத்தோம், நல்லாத்தான இருந்துச்சு"ன்னு அம்மா கேப்பாங்க. நான் சொல்றது, அதுங்க எலி புடிச்சு, எலும்பு கடிச்சுன்னு வெளியில நாலு எடத்துல தின்னுச்சும்மா, எத்தன வயசு வரைக்கும் இருந்துச்சுன்னு யோசிச்சுப் பாருங்கன்னு. அப்பாவுக்கு வேகவச்ச எலும்பு போடற ஆசை இன்னும் போகல, வெந்த எலும்பு ஊசி மாதிரி செதறி குடல குத்தும்னு எத்தன தடவ சொன்னேன்னு கணக்கே இல்ல. ஃப்ரிட்ஜ் கதவுல திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், சர்க்கரை இல்லாத சூயிங்கம் எல்லாம் நாய்க்கு விஷம்னு பெருசா எழுதி ஒட்டின பிறகுதான் வீட்டுக்கு வர்ற பிள்ளைங்க கேட்டுட்டுக் குடுக்குதுங்க.

குறையும் இருக்கு. ரெண்டாவது வருஷம் தராச எடுத்து வச்சிட்டு கண்ணளவுல போட்டேன், 18 கிலோ இருந்தவ இருபத்தொண்ணரை ஆயிட்டா. கொறைக்க ஏழு மாசம் ஆச்சு, அவ தட்டு முன்னாடி ஒக்காந்து என்னையே பாக்கறத தாங்கவே முடியாது. சாப்பாடு மெத்துன்னு இருக்கறதால பல்லுல காரை சீக்கிரம் படியுது, அதனால தெனம் ராத்திரி நாய்க்கான பேஸ்ட் வச்சு தேய்க்கணும், மனுசங்க பேஸ்ட் வேண்டவே வேண்டாம். ஞாயித்துக்கிழமையும் புதன்கிழமையும் சமைச்சு டப்பா போட்டு வைக்கறேன், ஃப்ரிட்ஜ்ல மூணு நாள், அதுக்கு மேலன்னா ஃப்ரீசர். கரண்ட் ரொம்ப நேரம் போனா தூக்கிப் போட்டுட்டு புதுசா வைக்க வேண்டியதுதான். செலவு மாசம் 3,000 பக்கம் ஆகுது, கோழி வெல ஏறினா கூட வரும். ஊருக்குப் போற நாள்ல கஷ்டப்படக்கூடாதுன்னு வாரம் ஒரு வேளை டிரை ஃபுட்டும் பழக்கி வச்சிருக்கேன்.

சொறி பத்தி கேட்டா, நல்லா கொறைஞ்சிருக்கு, ஆனா அதே சமயத்துல உண்ணிக்கு மாத்திரையும் ஆரம்பிச்சோம், அதனால முழுக்க சாப்பாட்டாலதான்னு சொல்ல மாட்டேன். மலம் கெட்டியா, அளவும் கொறைவா போறா, அது தெளிவா தெரியுது. வருஷத்துக்கு ஒருக்கா ரத்தம், கிட்னி, லிவர் பாக்கறோம், இதுவரைக்கும் எல்லாம் சரியா இருக்கு.

இந்த அளவ அப்படியே எடுத்து உங்க நாய்க்குப் போடாதீங்க, எடை வேற, வயசு வேற, கிட்னி பிரச்சினை இருந்தா எல்லாமே வேற. புதுசா மாத்தும்போது பழைய சாப்பாட்டுல கொஞ்சம் கொஞ்சமா கலந்து ஒரு பத்து நாள் எடுத்துக்கங்க.

என் தம்பி அடுத்த மாசம் ஒரு சிப்பிப்பாறைக் குட்டி எடுத்துட்டு வர்றான், "அக்கா, சிட்டுவோட லிஸ்ட்ட அனுப்பு"ன்னு கேட்டான். ஒரு வயசு ஆகற வரைக்கும் அனுப்ப மாட்டேன்டான்னு சொல்லிட்டேன். அதுக்குப் பதிலா சிட்டுவோட அந்த எக்ஸ்ரே இன்னும் பீரோவுல பத்திரமா இருக்கு, அதத்தான் போட்டோ எடுத்து அனுப்பிருக்கேன்.