‘எப்ப வேண்டுமானாலும் காசை எடுக்கலாம்’ என்றார்கள், 18 இலட்சம் போய்விட்டது: திருகோணமலை ஆட்கள் கவனம்

உப்புவெளிப் பக்கம் கடற்கரையோர விடுதியில் ‘பங்கு உரிமை’ தருகிறோம் என்று யாராவது உங்களிடம் வந்தால், இதை வாசித்துவிட்டு அவர்களோடு கதையுங்கள். எனக்குப் போனது 18 இலட்சம் ரூபா. இந்தக் கிழமைதான் முழு விஷயமும் வெளியில் வந்தது. ஆத்திரத்தோடு எழுதுகிறேன், முன்னப்பின்ன இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெயரைப் போட வேண்டாம் என்று லோயர் சொல்லிவிட்டார். நகரத்துக்குள் ஒபிஸ் வைத்து, விடுதிகளைப் பங்கு பங்காகப் பிரித்து விற்கிற ஒரு கொம்பனி. அவ்வளவுதான் சொல்வேன்.

அந்தக் காசு என் கணவர் கட்டார் வெயிலில் நின்று உழைத்தது, பாதி நான் சீட்டுக் கட்டிச் சேர்த்தது. மகளின் படிப்புக்கென்று வங்கியில் நிலையான வைப்பில் கிடந்தது. 2022இல் 20 வீதத்தையும் தாண்டிப் போன வட்டி 2024இல் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது எல்லோருக்கும் தெரியும். வைப்பு முதிர்ந்த நேரம் பார்த்து இவர்கள் வந்தார்கள். விடுதி மொத்தம் 40 பங்கு. ஒரு பங்கு 18 இலட்சம். மாதம் ஒன்றரை வீதம், அதாவது 27,000 ரூபா வாடகைப் பங்காகக் கையில் வரும். வேண்டாம் என்றால் மூன்று மாதத்துக்கு முன் அறிவித்துவிட்டு முழுக் காசையும் எடுத்துக்கொண்டு போகலாம். எனக்கு முக்கியம் இந்தக் கடைசி வாக்குத்தான். மகளுக்கு எந்த நேரமும் காசு தேவைப்படலாம் என்று அவர்களிடம் வாய் திறந்து சொல்லியிருந்தேன்.

கூட்டிக்கொண்டு போய்க் காட்டியது ஓகஸ்ட் மாதத்தில். கிழக்குக் கரையில் மே முதல் செப்டெம்பர் வரைதான் சீசன் என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அன்றைக்கு விடுதி நிறைந்து கிடந்தது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் நீச்சல் தடாகத்தில் குதிக்கிறார்கள், வாசலில் புறாமலைக்குப் போகிற ஆட்களை ஏற்ற வான் நிற்கிறது. கூட்டிப்போன தம்பியின் அம்மாவைப் பத்திரகாளி அம்மன் கோயிலில் கண்டு கதைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. அந்தத் தம்பி ரிசப்ஷனில் இருந்து 7ஆம் இலக்க றூமின் திறப்பை வாங்கி வந்து என் கையில் வைத்தார். "பிடிச்சுப் பாருங்க டீச்சர், இது இனி உங்கட றூம். எங்கட அம்மாட காசும் இதுக்குள்ளதான் கிடக்கு" என்றார். பித்தளைத் தகடு கோத்த பாரமான திறப்பு. மரக்கதவைத் திறந்தால் நேரே கடல்.

நான் கேட்காமல் விடவில்லை. "காணி உறுதியில என்ட பேர் வருமா தம்பி?" என்று கேட்டேன். "வரும் டீச்சர், 40 பேரும் சேர்ந்த உடன எல்லாருக்கும் ஒண்டா நொத்தாரிசிட்ட எழுதுவம். அதுவரைக்கும் இது இருக்கு" என்று ஒரு சான்றிதழைத் தந்தார்கள். தடித்த அட்டை, பொன் நிறத்தில் முத்திரை, ‘நாற்பதில் ஒரு பங்கு’ என்று என் பெயருக்குக் கீழே. ஒபிஸ் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் கம்பனிப் பதிவுச் சான்றிதழும் தொங்கியது. 18 இலட்சத்தையும் அவர்கள் சொன்ன கணக்குக்கு மாற்றினேன்.

மாரி தொடங்கும்வரை 27,000 சொன்ன திகதிக்கு வந்தது. 2025 ஜனவரியில் நின்றது. கேட்டால் "மாரிக்கு ஆட்கள் வரேல்ல டீச்சர், சீசன் வரட்டும்." சீசனும் வந்தது, விடுதிக்கு ஆட்களும் வந்தார்கள். "இப்ப திருத்த வேலைக்கு வாங்கின கடன் கட்டுறம்." சரி, எனக்கு இது வேண்டாம், நான் விலகுகிறேன் என்று எழுத்தில் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டு, கொழும்பில் இருக்கிறவர் கையெழுத்து வைக்க வேண்டும் என்றார்கள். கொழும்புக்கு அடித்தால் "மெடம், உங்கட பிராஞ்சில கதையுங்கோ." வட்ஸ்அப்பில் அனுப்பியதெல்லாம் நீலக் கோடு விழுந்தபடியே கிடக்கிறது. கோயிலில் முகம் பார்த்துக் கதைத்த அந்தத் தம்பி பிறகு என் அழைப்பை எடுப்பதேயில்லை. நவம்பரில் டித்வா புயல் வந்ததும் அதையும் காரணமாகப் பிடித்துக்கொண்டார்கள். ஊரே வெள்ளத்தில் தத்தளித்த நேரம், அதை என்னிடம் சொல்லித் தப்பப் பார்த்தார்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. காசு நின்றது ஜனவரியில், புயல் வந்தது நவம்பரில்!

லோயரிடம் எல்லாக் கடதாசியையும் கொண்டு போனேன். சான்றிதழை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். நொத்தாரிசின் அத்தாட்சி இல்லை, சாட்சிகள் இல்லை, காணிப் பதிவகத்தின் பதிவு இலக்கம் இல்லை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தின்படி, நொத்தாரிசு ஒருவருக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் கையெழுத்து வைக்காத காணி விற்பனை செல்லாது. நான் உண்மையான பங்காளியாக இருந்திருந்தால் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டத்தின் கீழ் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு என் பங்கைக் கேட்டிருக்கலாம். அந்த வழியும் எனக்கு இல்லை, ஏனென்றால் உறுதியில் நான் இல்லை.

காணிப் பதிவகத்தில் பதிவேட்டைத் தேடி எடுத்தபோது மிச்சமும் தெரிந்தது. காணி கொம்பனியின் பெயரிலேயே இல்லை, பணிப்பாளர் ஒருவரின் மனைவியின் பெயரில் இருக்கிறது. அதுவும் 2024 மார்ச்சிலேயே வங்கிக்கு ஈடு வைத்தாயிற்று. 7ஆம் இலக்கத் திறப்பை ஓகஸ்டில் என் கையில் வைத்தபோதே அந்தக் காணி வங்கியின் பிடியில்! கடன் கட்டாவிட்டால் நீதிமன்றம் போகாமலே ஏலத்தில் விற்க 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் வங்கிகளுக்கு இடம் கொடுக்கிறது. அப்படி விற்றால் முதலில் எடுக்கிறது வங்கி. என் 18 இலட்சத்துக்கு அங்கே ஒரு வரிசையே கிடையாது.

முழுக் காசுடன் விலகலாம் என்ற வாக்கு எங்கே போனது என்று கேட்டால், ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்துக்கு முந்திய பக்கத்தைக் காட்டுகிறார்கள். ‘கொம்பனி பொருத்தமான வாங்குபவரைக் கண்டுபிடித்த பின்’, ‘கொம்பனி மதிப்பிடும் விலையில்’. ஆள் பிடிப்பதும் அவர்கள், விலை வைப்பதும் அவர்கள்.

லோயரின் கோரிக்கைக் கடிதம் போன பிறகு இந்தக் கிழமை கூப்பிட்டார்கள். பங்கின் இன்றைய மதிப்பு 11 இலட்சமாம். அதில் பத்து வீதம் சேவைக் கட்டணமாம். மிச்சம் 9 இலட்சத்து 90 ஆயிரத்தை நான்கு காசோலைகளில் தருவார்களாம். அதற்கு முன் ‘இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்’ என்று ஒரு கடதாசியில் நான் கையெழுத்து வைக்க வேண்டும். அல்லது நிலாவெளியில் தொடங்கப் போகிற புது விடுதிக்கு என் பங்கை மாற்றித் தருவார்கள்.

இரண்டு இரவு நித்திரை இல்லை. கிடைக்கிறதை வாங்கிக்கொண்டு வெளியே வா என்று என் கூடப்பிறந்த தம்பிமார் சொல்கிறார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. உப்புக்காற்றில் கட்டடம் வருடா வருடம் தேய்கிறது, ஈடு மேலே நிற்கிறது, உள்ளே இருந்து ஒரு பிரயோசனமும் இல்லை. விலகத்தான் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கடதாசி வழியாக இல்லை. 27,000 ரூபாவைத் தர முடியாதவர்களின் நான்கு காசோலைகளை நம்பி, 8 இலட்சத்து 10 ஆயிரத்தை என் கையாலேயே அழித்துக் கொடுப்பதா? காசோலை திரும்பினால் பிறகு எதை வைத்துக் கேட்பது? நிலாவெளிப் பேச்சுக்கு நான் பதிலே சொல்லவில்லை. 18 இலட்சத்துக்கும் வழக்குப் போடுகிறோம், பொலிஸிலும் முறைப்பாடு கொடுக்கிறோம்.

எதை எதைப் பார்க்க வேண்டும் என்று விபரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரத்துக்கு இவ்வளவு. காசு கட்ட முதல் உங்கள் லோயரைக் கொண்டு காணிப் பதிவகத்தில் தேடுங்கள், அவர்கள் காட்டுகிற போட்டோக் கொப்பியை நம்ப வேண்டாம். கம்பனிப் பதிவு என்றால் கொம்பனி இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். பொதுமக்களிடம் வைப்பு வாங்க 2011ஆம் ஆண்டின் 42ஆம் இலக்கச் சட்டப்படி மத்திய வங்கியின் அனுமதி வேண்டும், அந்தப் பட்டியல் மத்திய வங்கியின் இணையத்தளத்தில் கிடக்கிறது. அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி என்றால் கிட்டவும் போகாதீர்கள், அரசின் சம்மதம் இல்லாமல் அதைக் கைமாற்ற முடியாது. ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் ‘சீசன் வரட்டும்’ என்பதைக் கேட்டுக் காத்திருக்காதீர்கள். எழுத்து ஒப்பந்தத்துக்கு வழக்குப் போட 6 வருடம்தான், வாய்ப்பேச்சுக்கு 3.

40 பங்கில் மற்றவர்கள் யார் என்று எங்களுக்குச் சொல்லவே இல்லை. அதே விடுதியில், அதே பொன் முத்திரைச் சான்றிதழோடு இருக்கிறவர்கள் எனக்கு எழுதுங்கள். திங்கட்கிழமை காலை முறைப்பாடு கொடுக்கப் போகிறோம். சான்றிதழ், காசு கட்டிய பற்றுச்சீட்டு, வட்ஸ்அப் செய்திகளின் பிரதி, மூன்றையும் கொண்டு வாருங்கள்.